காலெட் வாங்கும் முன்: கரிசல் காட்டுப் பட்டறைகளுக்கு ஒரு கணக்கு

எந்தக் கம்பெனி கார்பைடு, எத்தனை ஃப்ளூட், என்ன கோட்டிங் என்று எண்ட் மில்லுக்காகக் கடைக்காரரிடம் அரை மணி நேரம் பேசுகிறவர், அதைப் பிடிக்கப்போகிற காலெட்டை "செட்டா ஒண்ணு போடுங்க" என்று முடித்துவிடுகிறார். மில்லிங் மெஷின் வைத்திருக்கிற சிறு பட்டறைகளில் பரவலாகக் காணும் பழக்கம் இது. கட்டரின் விலை கையைக் கடிப்பதால் அதன்மேல் அக்கறை வருகிறது. காலெட் கெட்டுப்போனால் அதன் செலவு கட்டர் கணக்கிலோ, திரும்பி வந்த ஜாப் கணக்கிலோ ஏறிவிடுவதால் யாருக்கும் உறைப்பதில்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மில்லிங் வேலை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இந்த அலட்சியத்தின் விலை தெரியும். அருப்புக்கோட்டையைச் சுற்றி நூற்பாலைகள் இருக்கின்றன. விருதுநகரில் பருப்பு மில்களும் எண்ணெய் ஆலைகளும், பந்தல்குடியில் சிமென்ட் ஆலைக்கான சுண்ணாம்புக்கல் சுரங்கமும் இருக்கின்றன. மானாவாரி நிலத்துக்கு டிராக்டரும் கலப்பையும் கதிரடிக்கும் மெஷினும் உண்டு. இந்த மெஷின்கள் பெரும்பாலும் இங்கே புதிதாகச் செய்யப்படுவதில்லை. இங்கே ஓடித் தேய்கின்றன. ஆகவே பட்டறைக்கு வருவது பெரும்பாலும் மாற்று உதிரி வேலை: ஒரு ஷாஃப்ட், ஒரு புல்லி, ஒரு கியர், அதில் ஒரு கீவே. காலெட்டின் தரம் முகத்தில் அடித்தாற்போலத் தெரிவது அந்தக் கீவேயில்தான்.

8 மில்லிமீட்டர் கீ உட்காரும் பள்ளத்தை எடுத்துக்கொள்வோம். ஷாஃப்டில் சாதாரணப் பொருத்தத்துக்கு வரைபடத்தில் என்9 என்று போட்டிருப்பார்கள். பள்ளத்தின் அகலம் 8.000-க்கு மேல் போகக் கூடாது, 7.964-க்குக் கீழே இறங்கக் கூடாது என்று அதற்குப் பொருள். மொத்தம் 36 மைக்ரான் இடைவெளி. இப்போது 8 மில்லி எண்ட் மில் காலெட்டில் 30 மைக்ரான் அவுட்டோடு சுற்றுகிறது என்று வையுங்கள். ஒரு பல் மையத்திலிருந்து 15 மைக்ரான் வெளியே தள்ளி நிற்கும். மோசமான நிலையில் பள்ளம் கட்டரைவிட 30 மைக்ரான் அகலமாக விழும். கட்டர் சரியாக 8.000 இருந்தால் பள்ளம் 8.03. கீ ஆடும். மாதக்கணக்கில் முன்னும் பின்னும் அதிர்கிற நூற்பாலை ஷாஃப்டில் அந்த ஆட்டம் பள்ளத்தின் ஓரத்தைத் தின்றுவிடும். பிறகு ஷாஃப்டையே மாற்ற வேண்டும்.

அளவு மட்டும் பிரச்சினை இல்லை. சிறு கட்டருக்குப் பல் ஒன்றுக்கு 0.03 மில்லி ஃபீடு கொடுத்து ஓட்டுகிறோம். இரண்டு பல் கட்டரில் ஒரு பல் 15 மைக்ரான் வெளியேயும் மற்றது 15 மைக்ரான் உள்ளேயும் நின்றால், இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசமே 0.03. அதாவது ஒரு பல் முழு வேலையும் செய்கிறது, அடுத்தது உரசிக்கொண்டு போகிறது. கட்டர் சீக்கிரம் மழுங்கியதும் "கார்பைடு டூப்ளிகேட்" என்று கடைக்காரரைத் திட்டுவோம்.

ஆக, எந்தக் காலெட் நல்லது என்று கேட்பதற்கு முன் உங்கள் மெஷினின் மூக்கில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் இரண்டு வகை மெஷின்களை எதிர்பார்க்கலாம். ஒன்று, எம்1டிஆர் என்று நம் நாட்டுச் சந்தையில் பெயர் விழுந்துவிட்ட டரட் மில்லிங் மெஷின். மற்றது, ஆலைகளோ பொதுத்துறைக் கம்பெனிகளோ கழித்துவிட்ட பழைய எச்.எம்.டி., பி.எஃப்.டபிள்யூ. வகைக் கனமான மெஷின். இரண்டாவதில் பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. 40 டேப்பர் இருக்கும். எம்1டிஆரில் ஆர்8, ஐ.எஸ்.ஓ. 30, ஐ.எஸ்.ஓ. 40 என்று எதுவும் இருக்கலாம். ஒரே பெயரில் பலர் செய்த மெஷின் அது. பெயரைச் சொல்லிக் காலெட் கேட்டால் கடைக்காரர் குத்துமதிப்பாக ஒன்றை எடுத்துக் கொடுப்பார். டேப்பரை அளந்து சொல்லுங்கள்.

டேப்பர் சரியாக இருந்தும் ஏமாறுகிற இடம் டிரா பார் மரை. ஐ.எஸ்.ஓ. 40-க்கு எம்16 மரையும் உண்டு, 5/8 இஞ்சு மரையும் உண்டு. 5/8 இஞ்சு என்பது 15.875 மில்லி, இஞ்சுக்கு 11 மரை, அதாவது 2.31 மில்லி பிட்ச். எம்16-க்குப் பிட்ச் 2 மில்லி. விட்டம் ஏறக்குறைய ஒன்று என்பதால் ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகும். "புது அடாப்டர், கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று ஸ்பேனர் போட்டுத் திருகினால் அடாப்டர் மரையும் போகும், டிரா பார் மரையும் போகும். ஆர்8-இலும் இதே கதை: மூல வடிவம் 7/16 இஞ்சு, இஞ்சுக்கு 20 மரை, சந்தையில் எம்12 மரை போட்டதும் கிடைக்கிறது. கடைக்குப் போகும்போது டிரா பாரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போவது கௌரவக் குறைச்சல் இல்லை.

பி.டி. 40 அடாப்டரை ஐ.எஸ்.ஓ. 40 என்று விற்பதும் நடக்கிறது. டேப்பர் சரிவு இரண்டிலும் ஒன்றே, 24-க்கு 7. ஆனால் பி.டி. என்பது வி.எம்.சி.யில் டூல் தானாக மாறுவதற்காகச் செய்த காலரும் புல் ஸ்டட்டும் கொண்டது. கையால் இறுக்குகிற மெஷினுக்கு டின் 2080 என்று கேட்டு வாங்குங்கள்.

இனி காலெட் வகைகள். ஆர்8 அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் கம்பெனி தந்தது. அந்தக் கம்பெனியின் டரட் மில்லிங் மெஷின் 1938-இல் வந்தது. உலகெங்கும் அதைப் பார்த்துச் செய்தவர்கள் ஸ்பிண்டிலையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். ஆர்8 காலெட் நேராக ஸ்பிண்டிலுக்குள் போய் உட்காருகிறது. இடையில் அடாப்டர் இல்லை. கட்டர் ஸ்பிண்டில் மூக்குக்கு மிக அருகில் நிற்பதால் அதிர்வு குறைவு, ஜாப்புக்கு உயரமும் மிச்சம். விலையும் குறைவு. குறை என்னவென்றால் அதில் மூன்று வெட்டுதான், அதுவும் ஒரு முனையிலிருந்து. எழுதியிருக்கிற அளவைத்தான் ஒழுங்காகப் பிடிக்கும். அரை மில்லி குறைந்தால் வாய் மட்டும் கடித்துப் பின்பக்கம் தளர்ந்து நிற்கும். ஒவ்வொரு தடவை கட்டர் மாற்றும்போதும் டிரா பாரைத் தளர்த்தி மேலே சுத்தியலால் தட்ட வேண்டும். ஸ்பிண்டில் பேரிங் அந்தத் தட்டலை மறப்பதில்லை.

ஈ.ஆர். காலெட்டை 1972-இல் கொண்டுவந்தது சுவிட்சர்லாந்தின் ரெகோ ஃபிக்ஸ் கம்பெனி. அதற்கு முன்பிருந்த ஈ வகைக் காலெட்டைத் திருத்திச் செய்தது. பிறகு அது டின் 6499 என்றும் ஐ.எஸ்.ஓ. 15488 என்றும் தரநிலை ஆகி, யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய பொருளாகிவிட்டது. இரண்டு முனைகளிலிருந்தும் மாறி மாறி வெட்டு இருப்பதால் துளை முழு நீளத்துக்கும் இணையாகச் சுருங்குகிறது. பெரும்பாலான அளவுகளில் 1 மில்லி வரை சுருங்கும். 10 மில்லி காலெட் 9 வரை பிடிக்கும். ஆகவே 3 முதல் 20 வரை 18 காலெட் கொண்ட ஈ.ஆர். 32 செட் ஒன்று இருந்தால் 2 முதல் 20 வரை எந்தத் தண்டையும் பிடிக்கலாம். செட் விற்பனைக்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

கணக்கு சரி, ஆனால் நமக்கு வேண்டிய கணக்கு அதுவல்ல. மெட்ரிக் எண்ட் மில் தண்டுகளில் பட்டறை புழங்குவது 6, 8, 10, 12, 16, 20. இந்த ஆறும்தான் ஆண்டு முழுவதும் உழைக்கும். மீதிப் பன்னிரண்டில் டிரில்லுக்கு உதவுவன சில: எம்8 டேப்புக்கு 6.8 டிரில், அதை 7 காலெட் பிடிக்கும்; எம்10-க்கு 8.5, அதை 9 பிடிக்கும். அந்த வேலையை ஒரு டிரில் சக் மலிவாகச் செய்துவிடும். பழைய இஞ்சு கட்டர் சிலரிடம் இருக்கும். அரை இஞ்சு, அதாவது 12.7, 13 காலெட்டில் போகும். 3/8 இஞ்சு, 9.525, 10 காலெட்டில் போகும். எழுதிய அளவைவிடப் பெரிய தண்டை மட்டும் திணிக்கக் கூடாது. 12 காலெட்டை விரித்து 12.7-ஐ நுழைத்தால் அந்தக் காலெட் பிறகு 12-ஐ ஒழுங்காகப் பிடிக்காது.

18 பொருளுக்கு ஒரு விலை கொடுக்கிறீர்கள். அதே பணத்தில் ஆறே ஆறை ஒரு படி மேலான தரத்தில் வாங்கலாம். என் தீர்ப்பு ஆறின் பக்கம். கரிசல் காட்டில் விதை வாங்குகிற விவசாயி மூட்டையின் கனத்தைப் பார்த்து வாங்குவதில்லை.

எந்த ஈ.ஆர்.? எண் பெரிதானால் வாயும் பெரிது. ஈ.ஆர். 16 அதிகபட்சம் 10 மில்லி, 20 என்றால் 13, 25 என்றால் 16, 32 என்றால் 20, 40 என்றால் 26. நட்டின் வெளிவிட்டமும் பார்க்கத்தக்கது: ஈ.ஆர். 25-க்கு 42 மில்லி, 32-க்கு 50, 40-க்கு 63. ஆழமான பள்ளத்துக்குள்ளோ ஃபிளாஞ்சுக்குப் பக்கத்திலோ இறங்கும்போது அந்த நட்டுதான் இடிக்கும். ஐ.எஸ்.ஓ. 40 ஸ்பிண்டிலுக்கு ஈ.ஆர். 32 பொருத்தமான நடு அளவு. ஐ.எஸ்.ஓ. 30-க்கும் ஆர்8-க்கும் ஈ.ஆர். 25 போதும், 32 போட்டால் தவறில்லை, ஆனால் அந்த ஸ்பிண்டிலில் 20 மில்லி கட்டரை இரும்பில் ஓட்டும் பலம் எப்படியும் இல்லை. ஈ.ஆர். 40 இந்த வட்டாரத்து வேலைக்குத் தேவையில்லை என்றே சொல்வேன்.

தரத்துக்கு வருவோம். தரநிலையின் சாதாரண வகுப்பு, அளவுக்கு ஏற்ப, சுமார் 15 முதல் 25 மைக்ரான் வரை அவுட்டை அனுமதிக்கிறது. காலெட் வாயிலிருந்து குறிப்பிட்ட தூரம் வெளியே, சோதனைப் பின்னில் அளப்பது அது. நல்ல கம்பெனிகள் சாதாரண ரகத்துக்கு 10 மைக்ரான், உயர் ரகத்துக்கு 5 மைக்ரான் என்று உறுதி தருகின்றன. சந்தையில் மூன்று அடுக்கு. சுவிஸ், ஜெர்மன், ஜப்பான் பெயர்கள் மேலே. நடுவில் தைவானும், சோதனைச் சீட்டோடு தருகிற இந்தியத் தயாரிப்புகளும். அடியில் பெயரே இல்லாத பெட்டி. அந்தப் பெட்டியின் மீதும் 5 மைக்ரான் என்று அச்சடித்திருக்கும். அச்சுக்கூலி எல்லோருக்கும் ஒன்றுதான். பெயரில்லாத பெட்டியில் எல்லாம் மோசம் என்று சொல்ல முடியாது. ஒன்று 8 மைக்ரானில் ஓடும், பக்கத்தில் இருப்பது 40-இல் ஓடும். நீங்கள் காசு கொடுப்பது அந்த நிச்சயத்துக்கு.

கீவேக்கும் டைக்கும் போகிற 6, 8, 10 மூன்றையும் 10 மைக்ரான் உறுதி தருகிற இடத்தில் வாங்குங்கள். 12, 16, 20 நடு அடுக்கில் இருந்தால் போதும். அவை சதை எடுக்கிற கட்டர்களைப் பிடிப்பவை. 5 மைக்ரான் உயர் ரகம் எம்1டிஆருக்கு வீண். ஸ்பிண்டிலே 15 ஆடும்போது காலெட்டின் 5 எங்கே தெரியப்போகிறது?

இதனால்தான் சோதிக்கிற வரிசை முக்கியம். 0.01 டயலில் 10 மைக்ரானை நம்பிப் பார்க்க முடியாது, 0.002 லீவர் டயல் வேண்டும். முதலில் வெறும் ஸ்பிண்டிலின் உட்டேப்பரில் டயலை வைத்துக் கையால் சுற்றுங்கள். அங்கேயே 20 மைக்ரான் இருந்தால் காலெட் கடைக்குப் போக வேண்டாம், கிரைண்டிங் போட ஆளைத் தேடுங்கள். அடுத்து அடாப்டரைப் போட்டு அதன் உட்சரிவில் வையுங்கள். மூன்றாவதாகக் காலெட்டில் கிரைண்டிங் பின் ஒன்றைப் பிடித்து, வாயருகில் ஒரு அளவும் தள்ளி ஒரு அளவும் எடுங்கள். பின் இல்லையென்றால் புதிய கார்பைடு எண்ட் மில்லைத் தலைகீழாகப் பிடித்து அதன் தண்டில் அளக்கலாம். அவுட் காட்டினால் அடாப்டரை அசைக்காமல் காலெட்டை மட்டும் அரைச்சுற்று திருப்பிப் போட்டு மறுபடி இறுக்குங்கள். மேடு காலெட்டோடு நகர்ந்தால் குற்றவாளி காலெட். நகராமல் அதே இடத்தில் நின்றால் அடாப்டரோ ஸ்பிண்டிலோ. இந்தச் சோதனையைச் செய்யாமல் "காலெட் சரியில்லை" என்று திருப்பி அனுப்பப்பட்ட நல்ல காலெட்டுகள் ஏராளம்.

ஈ.ஆர். முறையில் எல்லோரும் மறக்கிற பாதி, நட். சரிவு பக்கத்துக்கு 8 டிகிரி. அதிலிருந்து காலெட்டை வெளியே இழுக்க நட்டுக்குள் மையம் விலகிய ஒரு வளையம் இருக்கிறது. காலெட்டைச் சாய்த்து நட்டுக்குள் 'டக்'கென்று மாட்டி, பிறகு இரண்டையும் சேர்த்து அடாப்டரில் ஏற்ற வேண்டும். காலெட்டை முதலில் அடாப்டருக்குள் போட்டு மேலே நட்டைத் திருகுவது பெரிய தவறு. வளையம் காலெட்டின் பள்ளத்தில் விழாமல் முகத்தை அழுத்தும், காலெட் கோணலாகும், கழற்றும்போது உள்ளேயே சிக்கும். அப்போது உளி எடுப்பார்கள். அதோடு அந்தக் காலெட்டின் ஆயுள் முடிந்தது.

இறுக்கமும் அப்படித்தான். ஈ.ஆர். 32 நட்டுக்குப் பட்டியல்களில் காணும் அதிகபட்ச முறுக்கு சுமார் 136 நியூட்டன் மீட்டர். 300 மில்லி நீள ஸ்பேனரின் நுனியில் ஏறக்குறைய 46 கிலோ அழுத்தம் அது. பலர் இதில் பாதிதான் கொடுக்கிறார்கள், கட்டர் நழுவுகிறது. சிலர் ஸ்பேனரில் பைப்பைச் செருகி இரட்டிப்பாகக் கொடுக்கிறார்கள், அடாப்டரின் வாய் விரிகிறது. இன்னொரு பழக்கம், தண்டை அரைகுறையாகச் செருகுவது. துளையின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது தண்டு உள்ளே போக வேண்டும். கால்வாசி செருகி இறுக்கினால் காலெட்டின் பின்பக்கம் சுருங்கி வாய் விரிந்து போகும். கண்ணுக்குத் தெரியாது, டயலுக்குத் தெரியும்.

ஈ.ஆர். எல்லாவற்றுக்கும் பதில் இல்லை. 16, 20 மில்லி ரஃபிங் எண்ட் மில்லை இரும்பில் ஆழமாக ஓட்டினால் அதன் முறுக்குப் பல் திருகாணிபோல் கட்டரைக் கீழே இழுக்கும். காலெட் உராய்வால் மட்டும் பிடிப்பதால் கட்டர் மெல்ல இறங்கி, பள்ளம் ஒரு முனையில் 10 மில்லியும் மறுமுனையில் 10.4-உம் ஆழமாக வரும். அந்த வேலைக்குத் தண்டில் தட்டையான வெட்டுள்ள கட்டரும், பக்கத்தில் ஸ்க்ரூ இறுக்குகிற சைடு லாக் அடாப்டரும் வேண்டும். அவுட் கொஞ்சம் கூடும், ஆனால் நழுவாது. சுரங்கத்து லாரிப் பாகமும் டிராக்டர் பாகமும் செய்கிறவருக்கு 20 மில்லி காலெட்டைவிட 20 மில்லி சைடு லாக் அதிகம் உதவும்.

மற்ற குடும்பங்களைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். ஓ.இசட். காலெட் பழைய ஐரோப்பிய மெஷின்களோடு வரும். இருந்தால் பயன்படுத்துங்கள், புதிதாகத் தேட வேண்டாம். ஹைட்ராலிக் சக், ஷ்ரிங்க் ஃபிட் எல்லாம் வி.எம்.சி. வைத்து ஒரே ஜாப்பை ஆயிரக்கணக்கில் ஓட்டுபவர்களுக்கு. 5சி காலெட் கட்டரைப் பிடிக்க அல்ல, ஜாப்பைப் பிடிக்க. ஹார்டிஞ்ச் கம்பெனியின் லேத்தோடு பிரபலமானது அது. அறுபக்கக் கட்டையில் 5சி-யைப் போட்டு வைஸில் இறுக்கினால், டிவைடிங் ஹெட் இல்லாமலேயே 27 மில்லி வரையிலான ராடில் போல்ட் தலைபோல் ஆறு பக்கம் வெட்டலாம். சிறு பட்டறைக்கு அது லாபமான சாமான்.

நம் ஊருக்கே உரிய இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று தூசி: ஆடிக் காற்றில் பறக்கிற கரிசல் மண்ணும், நூற்பாலையின் உள் பட்டறை என்றால் பஞ்சுத் துகளும். எண்ணெய் தடவிய காலெட்டின் வெட்டுகளில் இவை அடைந்து இறுகிவிடும். பிறகு காலெட் முழுதாகச் சுருங்காது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிரஷ் போட்டு, துணியால் துடைத்து, எண்ணெய்ப் படலம் இல்லாமல் மாட்டுங்கள். டேப்பரில் 10 மைக்ரான் துகள் ஒன்று சிக்கினால் கட்டர் நுனியில் அது பெருகித் தெரியும்.

இரண்டாவது தண்ணீர். திருச்சுழிப் பக்கம் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்பு. அதைக் கட்டிங் ஆயிலில் கலந்தால் பால் திரிகிறது. எண்ணெய் மேலே மிதக்க, உப்புத் தண்ணீர் காலெட்டின் வெட்டுக்குள் புகுந்து உட்காருகிறது. ஞாயிற்றுக்கிழமை மெஷினிலேயே விட்டுப்போன காலெட் திங்கட்கிழமை செந்நிறமாக இருக்கும். ஸ்பிரிங் ஸ்டீல் துருவுக்குத் தாங்காது. வெட்டின் வேரில் துருக் குழி விழுந்தால் அங்கேதான் விரிசல் பிறக்கும். கூலன்ட்டுக்கு மட்டுமாவது மழைத் தண்ணீரோ சுத்திகரித்த தண்ணீரோ வையுங்கள். வேலை முடிந்ததும் காலெட்டைக் கழற்றித் துடைத்து எண்ணெய் தடவி மரப்பெட்டியில் போடுங்கள். மாட்டும்போது அந்த எண்ணெயைத் துடைத்துவிடுவதையும் மறக்க வேண்டாம்.

எங்கே வாங்குவது? அவசரத்துக்கு மதுரை. வகை பார்த்து வாங்க கோவை. டாக்டர் நஞ்சப்பா சாலைப் பக்கம் டூல் கடைகள் வரிசையாக உண்டு, ஆனால் இங்கிருந்து போய்வர ஒரு நாள் போகும். ஆன்லைனில் வாங்குவது தவறில்லை, செட்டாக வாங்காமல் ஒற்றையாக வாங்கினால். முதலில் ஒரே ஒரு 8 மில்லி காலெட்டை வரவழைத்து டயலில் வைத்துப் பாருங்கள். தேறினால் மீதியை அதே இடத்தில் சொல்லுங்கள், தேறாவிட்டால் திருப்பி அனுப்பும் நாள் கடப்பதற்குள் அனுப்பிவிடுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் பில் இல்லாமல் வாங்குவது சிக்கனம் இல்லை. கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். காலெட் என்பது அழியும் பொருள் என்பதையும் ஏற்க வேண்டும். வாயில் கோடு விழுந்தது, விரிசல் கண்டது, தண்டு சுழன்ற தடம் தெரிவது மூன்றையும் இரும்புக் கடைக்கு அனுப்புங்கள். "இன்னும் ஓடும்" என்று வைத்திருக்கும் காலெட் அடாப்டரின் சரிவையும் சேர்த்துக் கெடுக்கும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. 0.002 லீவர் டயலும் ஐ.எஸ்.ஓ. 40 டெஸ்ட் மாண்ட்ரலும் ஒவ்வொரு பட்டறையும் தனித்தனியே வாங்கக்கூடிய சாமான் அல்ல. விருதுநகர் மாவட்டத்து ஐ.டி.ஐ.க்களில் மெஷினிஸ்ட், ஃபிட்டர் பயிற்சி நடக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பட்டறைக்காரர்கள் தங்கள் காலெட்டையும் அடாப்டரையும் கொண்டுவந்து சோதித்துக்கொள்ள அவை இடம் கொடுக்க வேண்டும். அளந்து பழக மாணவர்களுக்கு நிஜமான சாமான் கிடைக்கும். பட்டறைக்காரருக்கு எதைத் தூக்கிப்போட வேண்டும் என்பது தெரியும். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. பட்டறைக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து போய் ஐ.டி.ஐ. முதல்வரிடம் கேட்டாலே போதும்.